சமூகவியல் எடுத்தாச்சா? முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

கெம்பஸ் கிடைத்து, முதல் வருடத்துக்கான மூன்று பாடங்களில் ஒன்றாகச் சமூகவியலை எடுத்துவிட்டு, "இதை எப்படிண்ணே படிக்கிறது?" என்று மலையகத்தில் ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தம்பி தங்கச்சிமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். பாடசாலை உயர்தரத்தில் சமூகவியல் என்று ஒரு பாடமே கிடையாது. கொழும்பிலிருந்து பெரிய பாடசாலைப் பெயரோடு வந்தவரும் உங்களைப் போல அன்றைக்குத்தான் அதைத் தொடங்குகிறார். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதுதான் நிலைமை. ஆனால் முதல் வருடத்தைத் தூங்கிக் கழிக்காதீர்கள், நான்கு வருட சிறப்புப் பட்டமா மூன்று வருடத்தோடு முடிகிற பொதுப் பட்டமா என்பதை அந்த வருடப் பெறுபேறுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். இது தெரியாமல் இரண்டாம் வருடத்தில் விழித்துக்கொண்டவர்கள் எங்கள் பெட்சிலேயே நிறையப் பேர்.

சரி, கொப்பி. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பகுதியில் கலைச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதுங்கள், இரண்டாவதில் விரிவுரையாளர் பயன்படுத்துகிற தமிழ்ச் சொல், மூன்றாவதில் உங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு உதாரணம். ஆங்கிலம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தியாவில் அச்சான தமிழ்ப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கும், நம் டியூட்டில் (விரிவுரைக் குறிப்பில்) வேறொன்று இருக்கும், ஆங்கிலச் சொல் கையில் இருந்தால்தான் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று பிடிபடும்.

மூன்றாவது பகுதிதான் முக்கியம், அங்கேதான் எல்லோரும் சோம்பல் படுவார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் அதிகாரத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: மரபால் வருவது, ஆளின் கவர்ச்சியால் வருவது, சட்டத்தாலும் பதவியாலும் வருவது. டியூட்டில் இருக்கிற வரைவிலக்கணத்தை அப்படியே மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு மறுநாள் மறந்துவிடும். பதிலாக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தோட்டத்தை நடத்துகிற துரையின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையுடையது? தொழிற்சங்கத் தலைவர் வந்து நின்றால் ஏன் பேச்சுச் சத்தம் மாறுகிறது? அப்புறம் இந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வந்த அந்தக் காலத்துப் பெரிய கங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர், சாதிப் பெரியவர் என்று மரபு ஒரு பக்கம், முன்பணக் கடன் மறு பக்கம். கடனை அடைத்தால்தான் ஆள் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று கட்டிவைத்த துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. இப்போது சொல்லுங்கள், கங்காணி வெபரின் எந்தப் பெட்டிக்குள் அடங்குவார்? முழுதாக எதற்குள்ளும் அடங்கமாட்டார். அந்த இடத்தில் "அடங்கவில்லை, ஏனென்றால்" என்று எழுதத் தெரிந்தவருக்குத்தான் நல்ல புள்ளி விழும். என் முதல் அசைன்மன்டில் டியூட்டை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தேன். "இதில் நீர் எங்கே?" என்று சிவப்பு மையில் ஒரே வரிதான் வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் தோட்டத்துக்கே இழுக்காதீர்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்ஹைம் 1897ல் தற்கொலை பற்றி எழுதியதைப் படிக்கும்போது, முதலில் அவர் ஐரோப்பியப் புள்ளிவிவரங்களை வைத்து என்ன வாதம் செய்கிறார் என்று ஒழுங்காகப் புரிந்துகொள்ளுங்கள். நம் தோட்டத்துக் காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் அதற்குப் பிறகு வரட்டும்.

குப்பி வகுப்புகளுக்குப் போங்கள். இரவில் சீனியர் அக்கா அண்ணாமார் சொல்லிக்கொடுப்பதில் பாதி, பகல் விரிவுரையைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் அவர்களுடைய நோட்டை போட்டோக்கொப்பி எடுத்து அதிலேயே தங்கிவிடாதீர்கள். பழைய மலையகக் கட்டுரைகளும் சஞ்சிகைகளும் வேண்டுமென்றால் 'நூலகம்' என்கிற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, டேட்டாதான் செலவு.

எண்களைக் கண்டு ஓடுகிறவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. 1946 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்', அதாவது நம் மலையக ஆட்கள், நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம். 2012ல் கிட்டத்தட்ட 4 வீதம். நடுவில் என்ன நடந்தது? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது, இவையெல்லாம் தெரிந்த கதை. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: நம் ஆட்களில் பலர் படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிகிறார்கள். ஆக அந்த 4 வீதம் ஆட்களை மட்டும் எண்ணவில்லை, ஆட்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுகிறது. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இப்படிக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கடைசி வருடத்தில் ஆய்வேடு. பலர் சொந்தத் தோட்டத்தையே எடுப்பார்கள், நானும் அதைத்தான் செய்தேன். லேசு என்று நினைத்துத்தான் எடுத்தேன். "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்பதுதான் என் வினாக்கொத்தின் முதல் கேள்வி, அதிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரே லயக் காம்பராவில் (தோட்ட வரிசை வீட்டின் ஓர் அறையில்) அப்பா அம்மா ஒரு பக்கம், கல்யாணமான மகன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். இது ஒரு வீடா, இரண்டா? மூன்று நாள் குழம்பி, கடைசியில் ஒரு பாட்டி சொன்னதுதான் கைகொடுத்தது: "எத்தன அடுப்பு எரியுதுன்னு கேளு தம்பி." உலை தனி என்றால் குடித்தனம் தனி. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்களா என்பதைத்தான் குடிசன மதிப்பீட்டுக்காரர்களும் பார்க்கிறார்கள் என்று பிறகுதான் வாசித்தேன்.

இரண்டாவது பிழை, ஒரு அக்காவிடம் பேனாவோடு போய் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டது. "ஏன், ஒனக்குத் தெரியாதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தானே, அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். வினாக்கொத்தை மடித்து வைத்துவிட்டு, பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் சும்மா பேச்சுக் கொடுத்தேன். எத்தனை நாள் பேர் விழுந்தது (முழுநாள் சம்பளம் பதிந்தது), கொழுந்து நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள், கிலோ குறைந்ததால் எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டார்கள், எல்லாம் தானாக வந்தது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடுங்கள், காலையில் எழுதலாம் என்றால் பாதி போய்விடும். எழுதுவதற்கு அவரிடம் சம்மதம் கேளுங்கள், பெயரை மாற்றுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எடுக்கக் கெம்பஸ் திணைக்களத்தின் கடிதம் தேவைப்படும், அதை ஒரு மாதம் முன்னாடியே கேட்டு வையுங்கள்.

முடிந்ததும் ஒரு பிரதியைத் தோட்டத்திலும் கொடுங்கள். நான் கொடுத்ததை அந்த அக்கா தன் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த தடவை கண்டதும் பிடித்துக்கொண்டார்: "எம்பேர மாத்திட்ட, சரி. ஆனா அரைப்பேர் போட்ட நாளக் கொறச்சு எழுதியிருக்கியே தம்பி."