மணல் தோட்டத்துக்கு இலைதழை உரம்

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், தொண்டிப் பக்கத்து மணலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. அதைப் பிடித்து வைப்பது மக்கிய இலைதழை உரம்தான்.

பூவரசு, வேம்புச் சருகுகளில் மூன்று கூடைக்கு, கொளுஞ்சி, எருக்கு, ஆவாரை போன்ற பச்சைத் தழை ஒரு கூடை என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். குவியல் மூன்றடி உயரமாவது இருந்தால்தான் உள்ளே சூடேறும். சீமைக் கருவேலந்தழையையும் சேர்க்கலாம். காய்களை மட்டும் போடவே போடாதீர்கள், விதை முளைத்துத் தோட்டத்தையே பிடித்துக்கொள்ளும். பனையோலை மக்க வெகுகாலமாகும், நறுக்கிப் போடுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய எதிரி கடற்காற்று. மேற்பரப்பை ஒரே நாளில் உலர்த்திவிடும். பழைய கிடுகால் (பின்னிய தென்னங்கீற்றால்) மூடுங்கள். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் நல்ல தண்ணீர் தெளியுங்கள். உப்புக் கிணற்று நீர் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கொரு முறை கிளறினால் மூன்று, நான்கு மாதத்தில் கறுத்து, மழைமண் வாசம் வீசும். கத்தரி, முருங்கைக் குழிகளுக்குத் தாராளமாகப் போடலாம்.