ஸ்ப்ரூஸ் காடு காற்றுக்குத் தாங்குமா? நீங்களே பார்த்துச் சொல்வது எப்படி

வட ஐரோப்பியக் காடுகளில் மரம் சாய்கிறது என்று பேச்சு வந்தாலே புயலின் வேகம் கூடிவிட்டதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்வீடன், பின்லாந்து பக்கம் காடு பார்க்கப் போனால் முதலில் மண்ணைப் பாருங்கள்.

ஸ்ப்ரூஸ் ஒரு ஊசியிலை மரம். அதன் வேர் ஆழமாகப் போகாது, தட்டு மாதிரி மேலாகவே படர்ந்து கிடக்கும். பலத்த காற்று பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டித்தான் அடிக்கும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் மண் கல்லாக உறைந்து வேரைப் பிடித்துக்கொள்ளும். இப்போது குளிர் குறைந்து, பனிக்குப் பதிலாக மழை பெய்து, மண் சொதசொதவென்று கிடக்கும்போது அதே பழைய வேகத்தில் காற்று வந்தால்கூட மரம் வேரோடு புரண்டுவிடுகிறது. 2005 ஜனவரி 8 அன்று தெற்கு ஸ்வீடனில் கூட்ரூன் புயல் அடித்தபோது மண் உறையாமல் ஈரமாகத்தான் இருந்தது. சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது, பெரும்பகுதி ஸ்ப்ரூஸ்.

சரி, டிசம்பரில் ஒரு இரும்புக் கம்பியோடு போய் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ணங்கென்று நின்றால் நல்லது (அடியில் கல்லாகவும் இருக்கலாம், பக்கத்திலேயே இன்னொரு முறை குத்துங்கள்). புதைந்துகொண்டே போனால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே பனி மூடியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மண் உறையும் முன்பே கனமாகப் பனி விழுந்தால் கம்பளி போர்த்திய மாதிரிதான், அடியில் உறையவே உறையாது.

அப்புறம் மரத்தை அளக்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டரில் விட்டத்தை எடுத்து, இரண்டையும் ஒரே அலகில் வைத்து உயரத்தை அதனால் வகுங்கள். 24 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 80, பரவாயில்லை. அதே உயரத்துக்கு 20 சென்டிமீட்டர்தான் என்றால் 120. நெருக்கத்தில் வெளிச்சத்துக்குப் போட்டிபோட்டு நெடுநெடுவென்று வளர்ந்த மரம் அது, காற்றையும் தாங்காது, பூஜ்யம் டிகிரியை ஒட்டி விழுந்து கிளையில் அப்பிக்கொள்ளும் ஈரப்பனியின் பாரத்தையும் தாங்காது. அந்த நிலைக்கு வந்த பிறகு நடுநடுவே வெட்டி இடைவெளி விடுவது பெரிய தவறு. ஒன்றையொன்று சாய்ந்து நின்ற மரங்கள் துணையிழந்து, அடுத்த சில வருடங்களுக்கு முன்னைவிட மோசமாக ஆடும். மரங்கள் இளசாக இருக்கும்போதே நெருக்கத்தைக் குறைத்துவிட வேண்டும். மேற்கிலோ தென்மேற்கிலோ பக்கத்துக் காட்டை மொட்டையடித்திருந்தால், திறந்துவிட்ட அந்த ஓரம்தான் முதலில் விழும்.

விழுந்த ஸ்ப்ரூஸை அப்படியே போட்டுவைக்காதீர்கள். மரப்பட்டையைத் துளைத்து உள்ளே போய் மரத்தைக் கொல்லும் பட்டை வண்டு அதில்தான் பெருகும், புதிய வண்டுகள் கோடையில் பறக்கும் முன் எடுத்துவிடுங்கள். மே, ஜூனில் வெயில் படும் ஓரங்களில் நடந்து அடிமரத்தைப் பாருங்கள்: பட்டை இடுக்கில் காபித்தூள் மாதிரி பழுப்புத் தூள் இருந்தால், மேலே இலை பச்சையாகவே இருந்தாலும் வண்டு உள்ளே போய்விட்டது. இலை சிவக்கும்வரை காத்திருந்தால் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். 2018 மாதிரி வறண்ட கோடையில் மரத்தில் பிசின் சரியாகச் சுரக்காது, வண்டைத் தடுக்க அதன் முக்கியமான ஆயுதம் அதுதான்.

மறுபடி நடும்போது இலையுதிர் மரமான பிர்ச்சைக் கலந்து நடுங்கள், குளிர்காலத்தில் அது இலையில்லாமல் நிற்பதால் காற்று ஊடே போய்விடும். பைன் நட்டால் மூஸ் மான் மேய்ந்துவிடும் என்று வறண்ட மேட்டில்கூட ஸ்ப்ரூஸ் வைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் வறட்சி வந்தால் முதலில் காய்வது அந்த மேட்டு ஸ்ப்ரூஸ்தான். வேலி போட்டாவது அங்கே பைன் வையுங்கள்.