டூட்டிக்கு வருவீர்களா? மருத்துவப் பணியாளர்களிடம் சர்வே எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

“பெருந்தொற்று வந்தால் வேலைக்கு வருவீர்களா?” மருத்துவமனை ஊழியர்களின் மனநிலையை அறிய நடத்தும் சர்வேக்களில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கும். கேள்வித்தாளிலேயே மோசமான கேள்வியும் பெரும்பாலும் இதுதான். எந்த நோய், தடுப்பூசி உண்டா, முகக்கவசம் கையில் இருக்கிறதா என்று எதுவும் சொல்லாமல் கேட்டால், ஒருவர் ஃப்ளூவை நினைத்து ‘ஆம்’ என்பார், இன்னொருவர் எபோலாவை நினைத்து ‘இல்லை’ என்பார். இரண்டையும் கூட்டிச் சதவீதம் போட்டு என்ன பயன்? நான்கு வரியில் ஒரு சூழலை எழுதிக் கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு நிபந்தனையாக மாற்றிக் கேளுங்கள்: பாதுகாப்பு உடை தீர்ந்துபோனால்? வீட்டில் கைக்குழந்தை இருந்தால்? சக ஊழியர் ஒருவர் இறந்துபோனால்?

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. வர மனமில்லாததையும் வர முடியாததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. 2005-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டது. கடும் பனிப்புயல் அடித்தால் வர விருப்பம் என்றவர்கள் 80 சதவீதம். வர முடியும் என்றவர்களோ 49 சதவீதம்தான். சார்ஸ் என்னும் சுவாசத் தொற்று பரவினால் கதை தலைகீழ்: 64 சதவீதம் பேரால் வர முடியும், 48 சதவீதம் பேருக்குத்தான் வர விருப்பம். முதல் சிக்கலுக்கு வண்டி ஏற்பாடு செய்தால் போதும். இரண்டாவதற்கு வண்டி அனுப்பி என்ன ஆகப்போகிறது? ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது.

“பாதுகாப்பு உடை போதிய அளவு கிடைத்தது, அதை அணியப் பயிற்சியும் தரப்பட்டது” என்று ஒரே வரியில் எழுதுவதும் அதே குழப்பம்தான். உடை கிடைத்து, பயிற்சி கிடைக்காதவர் எதில் டிக் அடிப்பார்? “மருத்துவப் பணியின் புனிதக் கடமையை உணர்ந்து” என்று தொடங்கும் கேள்விகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள்.

பெயர் கேட்கவில்லை, ஆகவே ரகசியம் காக்கப்படும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். துறை, வயது, பாலினம், பணி அனுபவம் நான்கையும் கேட்டுப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் செவிலியர் ஒரே ஒருவர்தான் என்றால், அவர் பெயரை எழுதவே தேவையில்லை. அந்தப் படிவத்தை மேலதிகாரியே வாட்ஸப்பில் அனுப்பி, “இன்று மாலைக்குள் எல்லாரும் முடிக்கவும்” என்றும் போட்டிருந்தால், வரமாட்டேன் என்று யார் எழுதுவார்கள்? அங்கே நீங்கள் அளப்பது தொற்றைப் பற்றிய பயத்தை அல்ல, மேலதிகாரியைப் பற்றிய பயத்தை. வயதை நேராகக் கேட்காமல் அகலமான பிரிவுகளாகக் கேளுங்கள். மருத்துவமனை நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவர் படிவத்தை அனுப்பட்டும்.

டாக்டர்களையும் செவிலியர்களையும் கேட்டாலே வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. தூய்மைப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ஆய்வக ஊழியர், பதிவேடு பார்ப்பவர் வராமல் வார்டு எப்படி ஓடும்? அமெரிக்காவின் மேரிலாந்தில் பொதுச் சுகாதார ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. ஃப்ளூ பெருந்தொற்று வந்தால் வேலைக்கு வர வாய்ப்பில்லை என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். அதிலும் எழுத்தர், உதவிப் பணியாளர்களிடம் தயக்கம் கூடுதல். இவர்களில் சிலருக்கு ஆன்லைன் படிவம் ஒத்துவராது. தாளிலோ நேரிலோதான் கேட்க வேண்டும். குழுக்களில் லிங்க்கைப் பரப்பிவிட்டால் இன்னொரு தொல்லை: எத்தனை பேருக்குப் போனது என்றே தெரியாது, பதில் விகிதத்தையும் சொல்ல முடியாது. விடுப்பில் போனவர்களும் வேலையை விட்டவர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். நமக்கு முக்கியமாக வேண்டியது அவர்களுடைய பதில்தான்.

சர்வே நடந்த தேதிகளையும் மறக்காமல் எழுதுங்கள். 2020 மார்ச்சில் சொன்ன பதிலும் தடுப்பூசி வந்த பிறகு சொன்ன பதிலும் ஒன்றல்ல. அப்புறம், ‘வருவேன்’ என்றவர்கள் எல்லாரும் வருவார்கள் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அது அன்றைக்குச் சொன்ன எண்ணம், வருகைப் பதிவேடு அல்ல.

கடைசியில் “வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று ஒரு பெட்டி வைப்பார்கள். எண்களை அட்டவணையாக்கியதும் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். படிக்க ஆள் இல்லையென்றால் அந்தப் பெட்டியை வைக்காதீர்கள். வைத்தால், “என்ன ஏற்பாடு இருந்தால் வருவீர்கள்?” என்று நேராகவே கேளுங்கள்.