அழுகலையும் கணக்கில் கொண்டு சரக்குக்கு ஆர்டர் கொடுப்பது எப்படி?

கொடைக்கானலில் காய்கறிக் கடையோ உணவு விடுதியோ நடத்துபவர்கள், தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் போன்றவற்றைப் பெரும்பாலும் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டுப் பக்கமிருந்துதான் மலையேற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வரும் வண்டியில் அடிப்பெட்டித் தக்காளி நசுங்கிச் சாறு விட்டிருக்கும்; அந்த ஈரம் பட்ட மற்ற பழங்களும் மறுநாளே அழுகத் தொடங்கிவிடும். எனவே, விற்கும் அளவை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்தால் சரக்கு பற்றாமல் போகும். குத்துமதிப்பாகக் கூட்டிக் கொடுத்தால் போட்ட முதல் குப்பைக்குப் போகும்.

முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் கழிவுச் சதவீதத்தைத் தனித்தனியாகக் கண்டறிய வேண்டும். கழித்துப் போடும் காய்களை அப்படியே குப்பையில் கொட்டாமல், ஒரு வாரத்திற்காவது தராசில் வைத்து எடையைக் குறித்து வாருங்கள். கழித்த எடையை வாங்கிய எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கழிவுச் சதவீதம் கிடைக்கும். 80 கிலோ தக்காளி வாங்கி 16 கிலோ கழித்திருந்தால், கழிவு 20 சதவீதம். இந்த எண் பருவத்துக்குப் பருவம் மாறும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெங்காயம் பூசணம் பிடிக்கும். ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் வாழைப்பழத்தின் தோல் கறுத்துப்போகும். ஆகவே, கோடையில் எடுத்த கணக்கை மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நம்பக் கூடாது.

அடுத்த படியில்தான் பலருக்குக் கணக்கு பிசகுகிறது. 60 கிலோ விற்க வேண்டும், கழிவு 20 சதவீதம் என்றால், 60உடன் அதன் 20 சதவீதத்தைக் கூட்டி 72 கிலோவுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 72 கிலோவில் 14.4 கிலோ கழிந்து 57.6 கிலோதான் மிஞ்சும். கழிவுச் சதவீதம் வாங்கிய எடையின் மேல் கணக்கிடப்பட்டது. அதை விற்கும் எடையின் மேல் கூட்டுவதால்தான் இந்தக் குறை வருகிறது. வாங்குவதில் 80 சதவீதமே விற்பனைக்குத் தேறும் என்பதால், 60ஐ 0.80ஆல் வகுக்க வேண்டும். விடை 75 கிலோ. அதில் 15 கிலோ கழிந்தாலும் 60 கிலோ கைக்கு வரும். கழிவு 5 சதவீதமாக இருக்கும்போது இரு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 25 சதவீதமாகும்போது, தேவையில் மூன்றில் ஒரு பங்கையே கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

நேற்றைய மிச்சத்தையும் மறக்கக் கூடாது. கடையில் 12 கிலோ இருந்து, அதில் 9 கிலோ தேறும் என்றால், புதிதாகத் தேவைப்படுவது 51 கிலோ, அதை 0.80ஆல் வகுத்தால் 63.75 கிலோ. பெட்டிக்கு 14 கிலோ என்றால் இது நாலரைப் பெட்டிக்குச் சற்று மேல் வருகிறது. மே மாதச் சீசனில் சனிக்கிழமை என்றால் ஐந்து பெட்டியாக எடுக்கலாம். மழை பெய்யும் வார நாளில் நான்கு பெட்டியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

வழியில் 8 சதவீதமும், கடைக்கு வந்து சேர்ந்ததில் 10 சதவீதமும் கழிந்தால், இரண்டையும் கூட்டி 18 என்று கொள்ளக் கூடாது. 0.92ஐ 0.90ஆல் பெருக்கினால் 0.828, அதாவது, மொத்தக் கழிவு 17.2 சதவீதம். வித்தியாசம் சிறிதுதான் என்றாலும், இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்தால் பெட்டி அடுக்குவதைத் திருத்த வேண்டுமா, கடையில் காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டுமா என்பது விளங்கும்.

விலைக்கும் இதே வகுத்தல்தான். கிலோ 21 ரூபாய்க்கு எடுத்து, வண்டி வாடகையும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 3 ரூபாய் ஆனால், அடக்கம் 24 ரூபாய் என்று தோன்றும். 20 சதவீதக் கழிவோடு 24ஐ 0.80ஆல் வகுத்தால், விற்கும் கிலோவின் உண்மையான அடக்கம் 30 ரூபாய். நான்கு ரூபாய் லாபம் கிடைப்பதாக எண்ணி 28 ரூபாய்க்கு விற்பவருக்கு, ஒவ்வொரு கிலோவிலும் 2 ரூபாய் நட்டம்.