எத்தனை கிலோ, எத்தனை ரெப்: தடைக்கால ஜிம் கணக்கு

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகெல்லாம் கரை சேர்ந்துவிடும், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் நான் போகிற ஜிம்மில் அன்றைக்கே கூட்டம் ஏறிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். பகலில் வலை பொத்துகிறவர்களும் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களும் சாயங்காலம் வந்து நின்று முதலில் கேட்பது, "அண்ணே, பெஞ்சுல எவ்வளவு போடலாம்?" பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் தூக்குகிற எடையைத்தான் கேட்கிறார்கள்.

அதை நேராகக் கிலோவில் சொல்ல முடியாது தம்பி. எதற்காகத் தூக்குகிறோம் என்பதை முதலில் முடிவு பண்ணணும், அதை வைத்து ரெப் எண்ணிக்கை (ரெப் என்றால் ஒரு தடவை தூக்கி இறக்குவது), அந்த எண்ணிக்கையில் கடைசி ரெப்பைத் திணறடிக்கிற எடை எதுவோ அதுதான் உங்கள் எடை. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் 60 போட்டான், நானும் போடுவேன் என்று ஆரம்பித்து, நாலு ரெப்பில் முதுகை வில்லாக வளைத்து, அதையும் 'பாதி ரெப்' கணக்கில் எழுதிக்கொள்வது.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு இழுப்பும் லேசு, ஆனால் ஓய்வே இல்லாமல் நூற்றுக்கணக்கில் போகும். அதே ஆட்கள் வள்ளத்தை மணலில் ஏற்றும்போது நாலைந்து தள்ளுதான், ஆனால் அந்த நாலைந்துக்கே உடம்பில் இருப்பது மொத்தமும் வேண்டும், முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார்கள். முதலாவது தாங்குதிறன், இரண்டாவது பலம். ஜிம்மிலும் இதேதான்.

பலம்தான் வேண்டும் என்றால் 3 முதல் 5 ரெப், நாலைந்து செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து போடுகிற ரெப் எல்லாம் சேர்ந்து ஒரு செட்), எடை உங்களால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்சத்தில் 85 சதவீதம் பக்கம். செட்டுக்கு நடுவே 3 நிமிஷமாவது உட்காருங்கள், வெட்கப்பட வேண்டாம், 5 நிமிஷம் ஆனாலும் தப்பில்லை. உடம்பு ஏறணும் என்றால் 6 முதல் 12, ஓய்வு ஒன்றரை, இரண்டு நிமிஷம். 25, 30 ரெப் போட்டாலும் சதை ஏறும், செட் முடியும்போது இனி ஒன்றுகூட முடியாது என்கிற இடத்துக்குப் பக்கத்தில் போயிருந்தால். ஆனால் 30 ரெப் ஸ்குவாட்டை (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) எங்கள் ஊர் மே மாசப் புழுக்கத்தில் போட்டுப் பார்த்தவன் மறுநாள் 10-க்கு வந்துவிடுவான். தாங்குதிறனுக்கு 15-க்கு மேல், ஓய்வு ஒரு நிமிஷத்துக்குள். படகு வேலை செய்கிறவர்களுக்கு இது ஏற்கெனவே கடலிலேயே கிடைக்கிறது, அதனால் தடைக்காலத்தில் பலத்தில் நேரத்தைப் போடுங்கள் என்பேன்.

புதுசாக வருகிறவர் அதிகபட்சத்தைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு கணக்கு இருக்கிறது: எடையை ரெப்பால் பெருக்கி, 30-ஆல் வகுத்து, அதை எடையோடு கூட்டுங்கள். 40 கிலோவை 10 தடவைதான் தூக்க முடிகிறது என்றால், 400-ஐ 30-ஆல் வகுத்தால் 13 சொச்சம், ஆக அதிகபட்சம் ஏறக்குறைய 53 கிலோ. அதில் 85 சதவீதம் 45 கிலோ. 10 ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கு ரொம்பத் தப்பும்.

அதுக்கு முன்னால் ராடின் (பிளேட் என்கிற எடைத்தட்டுகளை மாட்டுகிற கம்பி) எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ராட் 20 கிலோ, சரி, ஆனால் சின்ன ஜிம்களில் இருப்பது பெரும்பாலும் அது இல்லை. நாங்கள் ஒருநாள் எங்கள் ராடைத் தூக்கிக்கொண்டு போய் மீன் எடை போடுகிற தராசில் வைத்தோம், 9 கிலோ சொச்சம் காட்டியது. அதுவரை ஒரு வருஷமாக 11 கிலோவை இலவசமாகக் கணக்கில் சேர்த்துப் பெருமைப்பட்டிருக்கிறோம். பிளேட்டும் அப்படித்தான், உப்புக்காற்றில் துரு ஏறி எண்ணே தெரியாது, ஒருதடவை எல்லாவற்றையும் நிறுத்துப் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

முதல் எடை கண்டுபிடிக்க, வெறும் ராடில் 10 போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நினைத்த ரெப்பை முடித்தபோது இன்னும் இரண்டு போட்டிருக்கலாம் என்று தோன்றணும், மூன்றாவது முடியாது என்றும் தோன்றணும். அங்கே நில்லுங்கள். நான் ஒருதடவை டெட்லிஃப்ட்டில் (தரையில் கிடக்கிற ராடைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வது) அந்த இரண்டையும் சேர்த்துப் பிடுங்கப் போய், ஜிம் மாஸ்டர் போன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இடுப்பு பிடித்து மூன்று வாரம் சட்டையை மாட்டவே அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஏற்றுவது எப்போது? 8 முதல் 12 வரை என்று வைத்துக்கொண்டால், 30 கிலோவில் இன்றைக்கு 10, 9, 8 வரும். அதே எடையில் மூன்று செட்டும் 12 ஆனபிறகுதான் அடுத்த பிளேட். இங்கேதான் சிக்கல், எங்கள் ஜிம்மில் இருக்கிற சின்ன பிளேட்டே 2.5 கிலோ, இரண்டு பக்கமும் போட்டால் 5 ஏறிவிடும், 30-இல் 5 என்பது ஆறில் ஒரு பங்கு. ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது, இல்லை 15 ரெப் வரும்வரை பழைய எடையிலேயே இருங்கள். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைத் துணிப்பையில் முடிந்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுகிற ஒரு தம்பி இருக்கிறான், ஆடாமல் கட்டினால் வேலை நடக்கிறது, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.

முதல் எட்டு வாரத்தில் கிலோ வேகமாக ஏறும், கண்ணாடியில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அது நரம்பு பழகுவதால் வருகிற பலம், சதை பின்னால் வரும். இதைத் தெரியாமல் மே கடைசியில் விட்டுப்போகிறவர்கள் அதிகம்.

தடை முடிந்து கடலுக்குப் போக ஆரம்பித்ததும் வாரம் ஒருநாள் வந்தால் போதும், செட்டை இரண்டாகக் குறைக்கலாம், எடையைக் குறைக்கக் கூடாது, அப்படிச் செய்தால் சேர்த்தது பெரும்பாலும் நிற்கும். கடலில் இருந்து வந்த அன்றைக்கு டெட்லிஃப்ட் வேண்டாம், முதுகும் முன்கையும் ஏற்கெனவே வலையோடு மல்லுக்கட்டி வந்திருக்கும். எடை, ரெப், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி பாலிதீன் பையில் போட்டு வையுங்கள், வேர்வையில் என் முதல் நோட்டு அப்பளம் போல ஆகிவிட்டது.