இரண்டுமே ‘எக்ஸலென்ட்’ வைரம், ஒன்று மட்டும் ஏன் மங்கல்? கட் அளவுகளைப் படிக்கும் முறை

தங்கை கல்யாணத்துக்கு ஒற்றைக்கல் தோடு செய்ய 30 சென்ட் வைரம் இரண்டு வாங்கினோம். ஒரே நிறம், ஒரே க்ளாரிட்டி. ஜிஐஏ என்ற வைர ஆய்வகம் கொடுத்த இரண்டு சான்றிதழிலும் கட் (பட்டை தீட்டிய தரம்) ‘எக்ஸலென்ட்’. கடையில் இரண்டும் ஒரே மாதிரி ஜொலித்தன. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால், ஒரு கல்லின் மேல்முகத்துக்குள் விளிம்பை ஒட்டி சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். காரணம் சான்றிதழிலேயே எண்களாக இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இங்கே சொல்வது வட்ட பிரில்லியன்ட், அதாவது வட்ட வடிவில் பட்டை தீட்டிய வழக்கமான கல்லுக்கு மட்டும்.

படி 1: பிரில்லியன்ஸ், ஃபயர், கான்ட்ராஸ்ட் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்

பிரில்லியன்ஸ் என்பது கல்லுக்குள் போன வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பி வருவது. மேகமூட்டமான பகலில் ஜன்னலோரம் இது நன்றாகத் தெரியும். ஃபயர் என்பது அந்த வெளிச்சம் வானவில் நிறங்களாகப் பிரிந்து தெறிப்பது. இருட்டு அறையில் ஒரு அகல் விளக்கை ஏற்றிவைத்து, கல்லை லேசாக ஆட்டுங்கள்; சிவப்பும் பச்சையும் நீலமும் பொறி பொறியாக வரும். கான்ட்ராஸ்ட் என்பது வெளிச்சத்துக்கு நடுவே வரும் கறுப்பு. கறுப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். சாணி தெளித்த வாசலில்தானே வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரிகிறது! வைரத்திலும் அப்படித்தான். நம் தலையின் நிழல் சில பட்டைகளில் விழுந்து, அம்பு அம்பாகக் கறுப்புக் கோடுகள் வரும். கல் அசையும்போது அவை மாறி மாறி வெளுப்பதால்தான் மினுமினுப்பு.

கடையின் கூரையில் வரிசையாக ஸ்பாட் லைட் இருக்கும். அதன் கீழே சுமாரான கல்லும் ஃபயர் காட்டும். ‘டியூப்லைட் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கலாமா’ என்று தயங்காமல் கேளுங்கள். நேர் வெயிலில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அங்கே நல்ல கல்லும் இருண்டு தெரியும்.

படி 2: பெவிலியன் கோணம்

கல்லின் கீழ்ப்பாதிதான் பெவிலியன். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. அதனால் உள்ளே வரும் ஒளி, பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் முழுதாகத் திரும்பிவிடும். அதற்குக் குறைவாக மோதினால் அடிவழியே கசிந்துவிடும். முதல் பட்டையில் கசியாமல் திரும்பிய ஒளி எதிர்ப்பட்டையில் கசிவதும் உண்டு.

கிடைமட்டத்திலிருந்து பெவிலியன் பட்டைகள் சாயும் கோணம் 40.6 முதல் 41 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 44ஐத் தாண்டினால் நடுப்பகுதி ஆணித் தலை மாதிரி கறுத்துப்போகும். 39க்குக் கீழே இறங்கினால் கர்டிலின் (கல்லின் இடுப்பு விளிம்பு) பிம்பம் மேல்முகத்துக்குள் வெளிறிய வளையமாகத் தெரியும், அதுதான் மீன்கண்.

படி 3: கிரௌனையும் பெவிலியனையும் சேர்த்தே படியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கல்லின் மேல்பாதிதான் கிரௌன். எங்கள் நல்ல கல்லில் கிரௌன் கோணம் 34.5 டிகிரி, பெவிலியன் 40.8. மங்கல் கல்லில் 35.5, 41.2. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டாவது கல்லின் எந்த எண்ணும் மோசமில்லை. ஜிஐஏ எக்ஸலென்ட் தரத்தில் கிரௌன் 31.5 முதல் 36.5 வரையும், பெவிலியன் 40.6 முதல் 41.8 வரையும் இடம் உண்டு. ஆனால் இரண்டிலும் சரிவு ஒருசேர அதிகமானதால், மேல்முகத்தின் ஓரத்தில் ஒளி கசிந்தது. அந்தச் சாம்பல் வளையம் அதுதான்.

ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். கிரௌன் 1 டிகிரி கூடினால் பெவிலியன் சுமார் 0.2 குறைய வேண்டும். 34க்கு 41, 34.5க்கு 40.8 அல்லது 40.9, 35க்கு 40.8. இப்படி ஜோடி சேர்த்துப் பாருங்கள். 1919இல் மார்செல் டால்கோவ்ஸ்கி கணக்கிட்ட ஜோடி 34.5, 40.75, அவர் சொன்ன டேபிள் (உச்சியில் இருக்கும் தட்டையான முகம்) கல்லின் விட்டத்தில் 53 சதவீதம். நூறு வருஷம் கழித்தும் நல்ல கற்கள் அதை ஒட்டியேதான் நிற்கின்றன.

இன்னொரு விஷயம். சான்றிதழில் கிரௌன் கோணம் 0.5க்கும், பெவிலியன் கோணம் 0.2க்கும் முழுமையாக்கப்பட்ட சராசரி. 40.8 என்று போட்டிருந்தால் உண்மையில் 40.7ஆகவும் இருக்கலாம், 40.9ஆகவும் இருக்கலாம். எண்கள் மோசமான கல்லை ஒதுக்க உதவும். கடைசி முடிவு கண்ணுடையது.

படி 4: டேபிளும் கீழ்ப்பட்டையும்

டேபிள் 54 முதல் 58 சதவீதம் எனக்குப் பிடிக்கும். அது அகன்றால் கிரௌனின் உயரம் குறையும், ஃபயரும் குறையும். பழைய ஐரோப்பியக் கட் கற்களில் டேபிள் சின்னது, கிரௌன் உயரம். விளக்கொளியில் அவை பெரிய பெரிய நிறத்துண்டுகளாகத் தெறிப்பதற்கு அது ஒரு காரணம். கர்டிலிலிருந்து அடிமுனையை நோக்கி இறங்கும் கீழ்ப்பட்டைகளின் நீளம் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் அம்புகள் திடமாகத் தெரியும். 85க்குப் போனால் அம்பு மெலிந்து, ஜொலிப்பு பொடிப்பொடியாக உடையும்.

படி 5: கருவி

10எக்ஸ் லூப்போடு (பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) ஒரு ஐடியல்ஸ்கோப் வாங்குங்கள், கல்லில் ஒளி எங்கே கசிகிறது என்று காட்டும் சின்னக் கருவி அது. அதன் வழியே பார்த்தால் திரும்பும் ஒளி சிவப்பு, கான்ட்ராஸ்ட் கறுப்பு, கசிவு வெள்ளை. எங்கள் மங்கல் கல்லின் வளையம் அதில் வெளிறித் தெரிந்ததும் விவாதமே இல்லாமல் போனது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பேனா மாதிரி இருக்கும் டைமண்ட் டெஸ்டரில் பணம் போடாதீர்கள். அது வெப்பம் கடத்துவதைத்தான் சோதிக்கும், கட் பற்றி எதுவும் சொல்லாது.

பின்சேர்க்கை: பெவிலியன் 40.4, கிரௌன் 33 உள்ள கல்லைத் தோட்டுக்கு எடுக்கலாமா என்று கருத்துரையில் ஒரு அக்கா கேட்டிருந்தார். தாராளமாக எடுக்கலாம். இப்படிக் கோணங்கள் குறைந்து ஆழமில்லாத கல்லை முகத்தருகே வைத்துப் பார்த்தால்தான் தலை நிழல் விழுந்து கறுக்கும். காதில் கிடப்பதை யாரும் அவ்வளவு நெருங்கிப் பார்ப்பதில்லை. மோதிரத்துக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மூக்குத்தி பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், ‘வாங்கியபோது இருந்த ஜொலிப்பு இப்போது இல்லை’ என்று. அப்புறம்தான் யோசித்தேன், கட் அப்படியேதான் இருக்கிறது, அடியில் எண்ணெய் படிந்திருக்கிறது. கல்லின் முதுகில் காற்று இருக்கும்வரைதான் அந்த 24.4 டிகிரி கணக்கு. தேங்காய் எண்ணெய் ஒட்டினால் அது சுமார் 37 ஆகிவிடும், நன்றாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒளியும் கசியும். பின்பக்கம் திறந்த செட்டிங் என்றால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பத்து நிமிஷம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். முதுகு மூடிய க்ளோஸ் செட்டிங் என்றால் தண்ணீரில் போடவே வேண்டாம். உள்ளே ஈரம் போய்த் தங்கிவிடும். ஆசாரியிடம் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.