புதிதாக நாய்க்குட்டி வளர்க்கிறீர்களா? தினசரி ஒழுங்கை இப்படி அமையுங்கள்

இரண்டு மாதக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது, "கண்ட இடத்துல உச்சா போகுதே, என்ன பண்றது?" என்பதுதான். அதட்டினால் இது தீராது. சாப்பாடு, வெளியே போவது, தூக்கம் மூன்றும் ஓர் ஒழுங்குக்கு வந்தாலே பாதித் தொல்லை குறைந்துவிடும். அடுத்து என்ன என்று தெரிந்த குட்டி பதறாது. காரணமில்லாத குரைப்பும் செருப்புக் கடியும்கூட மெல்லக் குறையும்.

படி 1: உங்கள் வீட்டுக்கு ஏற்ற வரிசை

வீட்டில் முதலில் எழுவது யார், வீடு எப்போது காலியாகும், இரவில் கடைசியாகக் கதவைப் பூட்டுவது யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் உங்களால் கடைப்பிடிக்க முடிகிற நேரமாகப் பாருங்கள். குட்டிக்கு மணி முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். எழுந்ததும் வெளியே, பிறகு சாப்பாடு, மறுபடி வெளியே, விளையாட்டு, தூக்கம். கால் மணி முன்னே பின்னே ஆகலாம், இந்த வரிசை மாறக் கூடாது.

படி 2: சாப்பாடு

மூன்று மாதம் வரை நாளுக்கு 4 வேளை, ஆறு மாதம் வரை 3, அதற்குப் பிறகு 2 போதும். தட்டை நாள் முழுக்கத் தரையில் வைக்காதீர்கள். 15 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.

படி 3: கழிவுப் பழக்கம்

பொறுமை அதிகம் வேண்டியது இங்கேதான். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், ஆடி முடித்ததும் உடனே போக வேண்டியிருக்கும். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் இயங்கத் தொடங்குவதால், சாப்பிட்ட அரை மணிக்குள் பெரும்பாலும் மலம் கழித்துவிடும்.

விளையாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு சின்ன வட்டமாகச் சுற்றுகிறதா? அந்த நொடியே தூக்கிக்கொண்டு போங்கள். மாடி வீடு என்றால் நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், படிக்கட்டிலேயே முடித்துவிடும். தினமும் ஒரே இடம், ஒரே சொல். முடித்த மறு நொடியே தடவிக் கொடுத்து, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

உள்ளே போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது கொடுமை. நீங்கள் பார்க்காதபோது ஒளிந்து போகத்தான் அது கற்றுக்கொள்ளும். வாடை மிச்சமிருந்தால் மறுபடி அங்கேயே போகும் என்பதால் வினிகர் கலந்த தண்ணீரால் நன்றாகத் துடையுங்கள். பினாயில் பாதத்தில் பட்டு அதை நக்கினால் ஆகாது.

தடுப்பூசி முழுதாக முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில் நெடுநாள் தங்கும், குட்டிகளின் உயிரையே பறிக்கும். அதுவரை மொட்டை மாடியில் ஒரு மூலையோ, மண் நிரப்பிய ட்ரேயோ போதும்.

படி 4: வாக்கிங்

கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தார் ரோட்டில் சூடு நிற்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். திரும்பியதும் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள்.

படி 5: தூக்கம், தனிமை

குட்டிகள் நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். தூக்கம் கெட்ட குட்டி கை காலை அதிகமாகக் கடிக்கும். தூங்கும்போது எழுப்பக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தனியே விடுவதை ஐந்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

படி 6: ஒழுங்கு குலையும் நாட்கள்

தீபாவளியன்று வெடிச்சத்தம் தொடங்கும் முன்பே வெளியே கூட்டிப் போய் வந்து, ஜன்னலைச் சாத்தி, டிவியைப் போட்டு, கூடவே இருங்கள். ஊருக்குப் போனால் அதே தட்டும் அதே படுக்கையும் கூட வரட்டும்.

நீங்கள் எதையும் மாற்றாமல் குட்டியே ஒழுங்கை மாற்றினால் கவனியுங்கள். தினமும் தட்டைத் தேடி ஓடிவரும் குட்டி இன்று முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால், கூடவே வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், நாளை பார்க்கலாம் என்று விடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது என்று அவர் முதலில் கேட்பார்.